தசை தேற டப்பாத் தூள் வேண்டுமா?

உடன்குடி என்றதும் பனங்கருப்பட்டியே எவருக்கும் நினைவுக்கு வரும். 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கருப்பட்டி ஒவ்வொன்றின் பின்னாலும் பனையேறியின் தோளும் தொடையும் இருக்கின்றன. பதனீர்க் காலத்தில் நாள்தோறும் மரமேறிப் பாளை சீவிக் கலயம் இறக்குகிறவர் தூக்கும் பாரம் அவருடைய சொந்த உடலே. விடிலியில் அடுப்பின் அனலைத் தாங்கிப் பதனீர் காய்ச்சும் பெண்களின் உழைப்பும் அதற்குக் குறைந்ததன்று.

அவ்வுழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்று உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பைத் தூக்குகின்றனர். நல்லதே. ஆனால் பயிற்சியோடு ஒரு டப்பாவும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. “இது இல்லாவிட்டால் தசை தேறாது” என்கிறான் மகன். “இத்தனை ரூபாய்க்கு மாவா?” என்று திகைக்கிறாள் தாய். இருவர் பேச்சிலும் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று நாம் சற்று ஆராய்வோம்.

பளு தூக்கும்போது தசையின் நுண்ணிழைகளில் சிறு சிதைவுகள் நேர்கின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு வலிப்பதற்குப் பெரும்பாலும் அவையும், அவற்றை ஒட்டி எழும் அழற்சியுமே காரணம். லாக்டிக் அமிலம் தேங்குவதால் இவ்வலி வருகிறது என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று, அந்த அமிலம் பயிற்சி முடிந்த ஒரு மணி நேர அளவில் நீங்கிவிடுகிறது. சிதைந்த இழைகளை உடல் தானே செப்பனிடுகிறது. அப்பணி ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். அதற்கு மூலப்பொருள் புரதம். அதற்குரிய காலம் ஓய்வும் உறக்கமும்.

டப்பாவில் இருப்பது என்ன? பெரும்பாலும் ‘வே’ எனப்படும் பால் புரதம். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிந்த நீரைப் பதப்படுத்தி உலர்த்திய தூள் அது. ஒரு கரண்டியில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கும். ஆகவே அது மருந்துமன்று, மாயமுமன்று. உணவின் ஒரு கூறு. உணவில் புரதம் குறைந்தவனுக்கு அது உதவும். போதுமான அளவு உண்பவனுக்கு அதனால் பெரும் பயனில்லை.

போதுமான அளவு எது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கிறது. பளுப் பயிற்சி செய்பவருக்கு இதைவிடக் கூடுதல் தேவைப்படலாம், ஆயினும் 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் தசை மேலும் வளர்வதில்லை என்று 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள் கண்டனர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளும் இதே வரம்பைக் கூறி, உடல் பருக்கப் புரதத் தூளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

அறுபது கிலோ எடையுள்ள இளைஞனுக்கு 1.6 கிராம் வீதம் 96 கிராம் ஆகிறது. இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, நூற்றைம்பது கிராம் மீனில் 30, ஒரு கைப்பிடி பயறில் 12, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. சோறும் இட்டிலியும் எஞ்சியதைத் தந்துவிடும். கடற்கரை ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் சாளையும் நெத்திலியும் எந்த டப்பாவுக்கும் இளைத்தவையல்ல. பதனீரும் கருப்பட்டியும் களைத்த தசைக்குச் சர்க்கரையை ஈடுசெய்யும்; ஆனால் அவற்றைப் புரத உணவாகக் கருதலாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அவை ஏற்றவையுமல்ல.

மற்றத் தூள்களையும் சுருக்கமாகப் பார்ப்போம். கிளைத்த அமினோ அமிலம் என்று விற்கப்படுவது, புரதம் நிறைந்த உணவு உண்பவனுக்குத் தனியே தேவையில்லை. முட்டையிலும் பாலிலும் அது இருக்கிறது. கிரியாட்டின் மட்டும் சற்று வேறுபட்டது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொண்டால் பளு தூக்கும் ஆற்றல் ஓரளவு கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதையோ புரதத் தூளையோ தொடலாகாது.

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதத் தூள்களைக் கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழுவினர் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது, மேலே அச்சிட்ட புரத அளவுக்குப் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் பூச்சிமருந்தின் எச்சமும் இருந்தன. ஆக, விலை கொடுத்து வாங்கியும் விரும்பியதைப் பெறாதவர் பலர். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்ச எச்சரிக்கை. “விரைவில் உடம்பு வரும்” என்று பெயரில்லாப் பொட்டலமோ ஊசியோ எவரேனும் நீட்டினால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும், ஆண்மையையும் குலைக்கும்.

பழைய உழைப்பாளிகளுக்கு நோவே இருந்ததில்லை என்று நாம் சொல்லவில்லை. பனையேறிகளுள் வயிறார உண்ண வழியின்றித் தளர்ந்தவர்களும் உண்டு. ஆயினும் உழைத்த உடலுக்கு உணவும் உறக்கமுமே மருந்து என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தம்பிகளே, ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் பாரம் கொடாதீர்கள். பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். இரவில் ஏழெட்டு மணி நேரம் உறங்குங்கள். கடும் பயிற்சிக்குப் பின் தாங்கவொண்ணா வலியும் வீக்கமும் கண்டு, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிதைந்த தசையின் பொருள் சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறி அது. அதைத் தாமதிப்பது உயிருக்கே ஆபத்து.

பெற்றோரே, மகன் டப்பா கேட்டால் சினவாதீர்கள். அவனோடு அமர்ந்து அன்றாட உணவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறை இருந்தால் முதலில் முட்டையும் பாலும் மீனும் பயறும் கூடட்டும். அதற்கு மேலும் குறைந்தால் தூளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். டப்பாவுக்குச் செல்லும் பணத்தில் வீட்டில் உள்ள அனைவருக்குமே நல்லுணவு கிடைக்கக்கூடும். புரதம் தேவைப்படுவது பளு தூக்கும் மகனுக்கு மட்டுமன்று. அடுப்படியில் நிற்கும் தாய்க்கும், வளரும் தங்கைக்கும் தேவை.