ஊசியின் ஆயுளும் எங்கள் கிணற்று நீரும்

விழா மலரிலே தமிழாசிரியராகிய நாம் இலக்கியத்தை விடுத்து இரும்பூசியைப் பற்றி எழுதுவதா என அன்பர் சிலர் வினவக்கூடும். பழைய மாணவர் சங்கத்திலே அண்மையில் எழுந்த யோசனையொன்றே எம்மை இதற்குத் தூண்டியது. தென்னிலங்கைப் பின்னலாலைகளிலே தேய்ந்துபோகும் இயந்திர உறுப்புக்களைத் தருவித்து, குரோமிய முலாம் பூசித் திருப்பி அனுப்பும் தொழிற்சாலையொன்றை யாழ்ப்பாணத்தில் நிறுவினால் இளைஞர் பலருக்கு வேலை கிட்டும் என்பதே அது. வேலை வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அதனை முலாந்தொட்டியிலிருந்து தொடங்குவது தவறு என்பதே எமது கருத்து.

பின்னலாலையொன்றிலே இயந்திரங்களைப் பராமரிக்கும் எம் பழைய மாணவர் ஒருவர் தேய்ந்த ஊசிகள் சிலவற்றைக் கொணர்ந்து காட்டினார். 1589ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பார் அமைத்த காலுறைப் பொறியின் ஊசிக்கு நாக்கு இல்லை. நாக்குடைய ஊசி 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. கொக்கியும், அதனை மூடித் திறக்கும் சிறு நாக்கும், பக்கத்தே புடைத்து நிற்கும் குதியும் உடையது அது. தொழிலாளர் கேம் என வழங்கும் சரிவுத் தடத்திலே குதி மோதியோட, ஊசி ஏறியிறங்கும்.

30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் கொண்ட வட்டப் பொறியிலே ஏறக்குறைய 2260 ஊசிகள் உள. நூல் ஊட்டும் இடங்கள் 90 ஆக, பொறி நிமிடத்துக்கு 25 முறை சுழலுமாயின், ஒவ்வோர் ஊசியும் நிமிடத்தில் 2250 கண்ணிகளைப் பின்னும், மணிக்கு 135,000. அத்தனை முறையும் அந்நாக்கு திறந்து மூடவேண்டும்! (வகுப்பிலே சில நாக்குகள் இவ்வேகத்துக்குச் சளைத்தவையல்ல என்பது வேறு விடயம்.)

கொக்கியின் உட்புறத்தை நூல் பள்ளமாக அரித்திருந்தது. மெல்லிய நூலா உருக்கை அரிக்கும் என வியந்தோம். செயற்கை நூலின் மினுக்கத்தைக் குறைப்பதற்குச் சேர்க்கப்படும் தைற்றேனியம் ஈரொட்சைட்டுத் தூள் அரம் போல அராவுமாம். பஞ்சுத் தூசும் எண்ணெயுடன் குழைந்து நாக்கின் அடியிலே இறுகும். ஒரேயோர் ஊசி பழுதானாலும் துணியின் நெடுகக் கோடு விழும்.

இத்தேய்வைத் தடுக்க மேற்பூச்சுக்கள் பல உள. கடினக் குரோமியத்தின் கடினம் விக்கர்சு அளவில் 1000ஐ அண்மித்தது. பொன்னிறமான தைற்றேனியம் நைத்திரைட்டினது 2000ஐக் கடப்பது. ஆயின் இவ்விரண்டாம் பூச்சின் தடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு சில பங்கே. கீழுள்ள உருக்கு மென்மையாயின் முட்டையோடு போல அது நொறுங்கும். கீழுள்ள பரப்புக் கரடாயின் பூச்சும் கரடாகவே இருக்கும். ஊசியோ காய்ச்சித் தோய்த்துப் பதமிட்ட காபன் உருக்கு. 400, 500 பாகை செல்சியசிலே பூச்சிட்டால் அப்பதம் கெட்டுவிடும். குரோமியத் தொட்டியில் வேறொரு தொல்லை: ஐதரசன் உருக்கினுட் புகுந்து அதனை முறியும் தன்மையதாக்கும். பூசியபின் 190 பாகை அளவிலே பல மணி நேரம் சூடாக்கி அதனை வெளியேற்றவேண்டும். ஆகவே முலாம் என்பது குறையை மூடும் போர்வையன்று. நுணுகிய ஊசியை மீளப் பூச முனைவது வீண் என்றே எண்ணுகின்றோம்; கேம் போன்ற பெரிய உறுப்புக்களே மீட்கத்தக்கன.

இனி, எம்மை உறங்கவிடாத விடயம். வழக்கமான முலாந்தொட்டியில் உள்ள அறுவலுக் குரோமியம் புற்றுநோய் விளைப்பது. நீரில் எளிதிற் கரைவது. எங்கள் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலே தேங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளிப் பருகுகின்றோம். நிலத்தில் ஊற்றியது அவ்வெடிப்புக்களினூடே விரைந்து இறங்கும். சுன்னாகத்தை அண்டிய கிணறுகளிலே எண்ணெய் கலந்த துயரையும், அதுபற்றி 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் அதற்குள் மறந்துவிட்டோமா?

கழிவைச் சுத்திகரிக்கலாமே என்பர். இயலும். அறுவலுக் குரோமியத்தை மூவலுவாக்கி வீழ்படியச் செய்யலாம். எஞ்சும் சேற்றை எந்த ஊரில் புதைப்பது? அவ்வூரின் பெயரை யோசனை கூறியோர் முதலில் அறிவிக்கட்டும்.

இளைஞருக்குத் துல்லியமாக அளத்தல், தீட்டி மெருகிடல், உருக்கைப் பதப்படுத்தல் என்பவற்றைக் கற்பிக்கும் பட்டறையை முதலில் அமைப்போம். எந்த உறுப்பு எத்தனை மணி நேரம் உழைத்துத் தேய்ந்தது என ஆலைகளிலிருந்து குறிப்புப் பெறுவோம். எண்ணெயும் துப்புரவும் ஒழுங்காயின் தேய்வு எவ்வளவு குறையும் என்பதை அக்குறிப்பே காட்டும். வெற்றிடத்திலே குறைந்த வெப்பத்தில் பூச்சுப் படியவைக்கும் பொறி, குரோமியக் கழிவு நீரைத் தராது. விலை மிகுதிதான், கடல் கடந்து வாழும் பழைய மாணவர் மனம்வைத்தால் பின்னர் வாங்கலாம்.

அத்தேய்ந்த ஊசிகளைப் பௌதிக ஆய்வுகூடத்தில் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் வைத்துள்ளோம். காண விரும்பும் மாணவர் மதிய இடைவேளையில் வரலாம். சங்கத்தாருக்கு எந்நேரமும் கதவு திறந்திருக்கும்.