அண்ணாமாரே, ட்ரம்மைப் பற்றி எப்ப கதைப்பீங்கள்?

பள்ளிக்கூட பாண்டில் இருந்த அண்ணாமார் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பாண்டைப் பற்றிக் கதைப்பினம் என்று நினைக்காதீங்கோ. பியரைப் பற்றித்தான் கதைப்பினம். எந்த விளையாட்டுப் போட்டி முடிஞ்ச பின்னேரம், எந்தக் குளக்கட்டில, எத்தினை ரின், ஆர் காசு போட்டது, ஆர் சத்தி எடுத்தது, ஆரை சைக்கிளில் ஏத்திக்கொண்டு போய் வீட்டுப் படலையில் சாத்திவிட்டது. பத்து வருசத்துக்கு முந்தின ரின் கணக்கு அவ்வளவு துல்லியமா ஞாபகத்தில் நிக்குது. அந்த வருசம் அணிநடைக்கு என்ன வாசிச்சனீங்கள் என்று கேட்டுப் பாருங்கோ, ஆளையாள் பார்ப்பினம்.

இது அக்கராயனுக்கு மட்டும் சொந்தமான வியாதி இல்லை. வன்னியில் எந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவையும் திறந்து பார்க்கலாம். ரொறன்ரோவில் இருந்து ஒருவர் பழைய பாண்ட் படம் ஒன்று போடுவார். வெள்ளைச் சட்டை, தோளில் குஞ்சம், கழுத்தில் சைட் ட்ரம். கீழே வாற முதல் பதிலே "அண்டைக்குப் பின்னேரம் ஞாபகம் இருக்கா மச்சான்" என்றுதான் இருக்கும். பிறகு நாற்பது சிரிப்பு முகங்கள்.

நான் இந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். குடிக்கலாமா கூடாதா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி இல்லை. வளர்ந்த ஆள் தன்ர காசில் தன்ர வீட்டில் என்ன குடிக்கிறார் என்பது என்ர வேலையும் இல்லை. என்ர பிரச்சினை ஞாபகம். ஒரு பாண்ட் குழுவின் வரலாறு முழுவதையும் ஒரு பியர் ரின்னுக்குள் அடைச்சு வைக்கிறது ஆருக்கு வசதி, ஆருக்கு அநியாயம் என்பதுதான் கேள்வி.

முதலாவது, இந்தக் கதை எதை அழிக்குது என்று பார்ப்போம். 2010இல் சனம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் இருந்து திரும்பி வரேக்க, கூரை இருந்த பள்ளிக்கூடங்களைத் தேட வேண்டி இருந்தது. கன இடங்களில் தறப்பாளுக்குக் கீழயும் மரத்துக்குக் கீழயும்தான் வகுப்பு. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று வருசத்துக்குள் ஒரு பாண்ட் குழு எழும்பி நிண்டது என்றால் அது சின்ன விசயமா? வாத்தியம் கடனுக்கோ நன்கொடைக்கோ வந்தது. சீருடை ஆரோ ஒரு அம்மாவின் தையல் மெசினில் தைக்கப்பட்டது. செல் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளையள், பேஸ் ட்ரம் அடிக்கேக்க திடுக்கிடாமல் நிக்கப் பழகிச்சினம். அந்தப் பழக்கத்துக்கு எவ்வளவு நாள் எடுத்தது? அதைப் பற்றி ஒரு குரல் பதிவு, ஒரு குறிப்பு இருக்கா? இல்லை. ஆனால் ரின் கணக்கு இருக்கு.

இன்னொன்றும் இருக்கு. யுத்தத்துக்குப் பிந்தின அந்த வருசங்களில் திறப்பு விழா இல்லாத மாதம் இல்லை. கட்டடம், வீதி, பாலம். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு யாழ்தேவி திரும்ப வந்தது. விருந்தினர் வாற எந்த நிகழ்வுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையள் வேணும், பாண்ட் வேணும். காலமை எட்டு மணிக்கு வெயிலில் நிறுத்தினால், பிரமுகர் பதினொரு மணிக்கு வருவார். மயங்கி விழுற பிள்ளைக்கு ஒரு சோடா. தங்கட வீடு இன்னும் தகரக் கொட்டிலாக இருக்கேக்க, வேற ஆரோ நாடா வெட்டுறதுக்கு மேளம் அடிச்ச பிள்ளையள் நீங்கள். கோபப்படுறதுக்கும் பெருமைப்படுறதுக்கும் உங்களிட்ட இவ்வளவு இருக்கேக்க, நீங்கள் தேர்ந்தெடுத்து வைச்சிருக்கிறது குளக்கட்டில் சத்தி எடுத்த கதையை.

இரண்டாவது, இந்தக் கதைக்குள் நாங்கள் இல்லை. நாங்கள் என்றால் பாண்டில் இருந்த பெட்டையள். நான் இரண்டு வருசம் சிம்பல் அடிச்சவள். எங்களுக்கும் ஞாபகங்கள் இருக்கு: பயிற்சி ஐந்து மணிக்கு முடிஞ்சால் கடைசி பஸ் போயிடும் என்ற பயம், "பேஸ் ட்ரம் பாரம், பொம்பிளைப் பிள்ளைக்கு வேண்டாம்" என்ற தீர்ப்பு, சீருடைப் பாவாடை எவ்வளவு நீளம் என்று ஊரே நடத்தின விவாதம். பாண்ட் என்றால் பியர் என்று எழுதப்படுகிற வரலாற்றில், பியருக்குக் கூப்பிடப்படாத நாங்கள் பாண்டில் இருக்கவே இல்லை. படத்தில் வலப்பக்கம் ஆறு பேர் நிக்கிறம். கதையில் ஒருத்தியும் இல்லை.

எங்களையும் கூப்பிட்டிருந்தால் சரியா என்று ஒரு அண்ணா நக்கலாகக் கேட்கலாம். அதுக்கும் பதில் இருக்கு. பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற பழைய தடையை 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே அதைத் திரும்பப் பெறச் சொன்னவர் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. கலாசாரம் கெட்டுவிடுமாம். அதாவது, ஆம்பிளை குடிச்சால் அது இனிய நினைவு, பொம்பிளை போத்தலைத் தொட்டால் அது கலாசாரச் சீரழிவு. உங்கட பியர்க் கதை சிரிப்பாக இருக்கிறதுக்குக் காரணமே இந்தக் கணக்குத்தான். அதே கதையை ஒரு அக்கா அதே குழுவில் போட்டுப் பார்க்கட்டும், எத்தினை சிரிப்பு முகம் வருமென்று எண்ணுவோம்.

மூன்றாவது, சட்டம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைஞ்ச ஆளுக்கு மது விற்கேலாது. ஏ.எல் படிக்கிற பெடியனுக்கு வயசு பதினெட்டு, பத்தொன்பது. ஆகவே பள்ளிக்கூட பாண்டின் பியர்க் கதை ஒவ்வொன்றிலும் உங்களுக்காக வாங்கித் தந்த ஒரு பெரிய ஆள் இருந்திருக்க வேணும், இல்லாட்டி வயசு கேட்காமல் வித்த ஒரு கடை இருந்திருக்க வேணும். உங்கட கதையில் அந்த ஆள் எப்பவும் தங்கமான அண்ணா. பதினேழு வயசுப் பெடியனுக்குப் பியர் வாங்கிக் குடுக்கிறவரை வேற எந்தக் கதையில் தங்கமான ஆள் என்று சொல்லுவம்?

இப்ப அந்தத் தங்கமான ஆளாக நீங்கள் வந்து நிக்கிறீங்கள். புது ட்ரம் வாங்கப் பழைய மாணவர் சங்கம் காசு தருது, நன்றி. ஆனால் விளையாட்டுப் போட்டி முடிஞ்சதும் இன்றைய பாண்ட் பெடியளைத் தனியக் கூட்டிக்கொண்டு போய் "எங்கட காலத்தில" என்று தொடங்கிறதும் நீங்கள்தான். பத்தாம் வகுப்புப் பெடியனுக்கு விளங்குறது ஒன்றே ஒன்று: தாளம் பிசகாமல் அடிச்சால் பாண்டில் இருக்கலாம், குடிச்சால்தான் பாண்டுக்காரன் ஆகலாம்.

"நீயும் எங்கட ஆள்தான்" என்று நிரூபிக்க வைக்கிற இந்தச் சடங்கு எங்க கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இருக்கு. அமெரிக்காவின் புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அணிநடை பாண்ட் நாடறிந்த ஒன்று. 2011 நவம்பரில் அந்தக் குழுவின் ட்ரம் மேஜர் ரொபர்ட் சம்பியன், 26 வயசு, சக வாத்தியக்காரர் பஸ்ஸுக்குள் வைச்சு அடிச்ச அடியில் செத்துப்போனார். அங்க சடங்கு பியர் இல்லை, அடி. ஆனால் பின்னால் இருந்த நியாயம் ஒன்றுதான்: நாங்கள் பட்டம், நீயும் படு, பிறகு அதைச் சொல்லிச் சிரிப்பம். பகிடிவதை என்ற சொல் பல்கலைக்கழக வாசலில்தான் தொடங்குது என்று நினைக்கிறம். அதுக்கான ஒத்திகை சில பேருக்குப் பள்ளிக்கூட வாத்திய அறையிலேயே முடிஞ்சிடுது.

நாலாவது, காசு. 2024இல் மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் அரசியல் இலஞ்சமாகக் குடுபட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த டிசம்பரில் பட்டியல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16 அனுமதி. 2012 குடிசன மதிப்பீட்டில் ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேர் இருந்த மாவட்டம் இது. எங்கட அம்மாமார் பதாகை பிடிச்சுக்கொண்டு றோட்டில் நிக்கேக்க, நீங்கள் பேஸ்புக்கில் "அந்த நாள் பியர்" என்று படம் போடுறீங்கள். மது விளம்பரத்தைச் சட்டம் தடுக்குது. உங்கட மலரும் நினைவைத் தடுக்க ஆராலும் முடியாது. கொம்பனிக்கு இதைவிட மலிவான விளம்பரம் எங்க கிடைக்கும்?

"அப்ப நீ மதுவிலக்குக்காரியா" என்று கேட்பீங்கள். இல்லை. ஒன்றைக் கவனியுங்கோ. உங்கட நினைவுகளில் கள்ளு ஏன் வாறதில்லை? பனையும் தென்னையும் ஏறுகிற மனிசருக்கு 1970களில் இருந்து கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கு. தவறணையில் குடுக்கிற காசு ஊருக்குள்ளயே ஒரு தொழிலாளியின் வீட்டுக்குப் போகுது. ஆனால் கள்ளுக் குடிச்சவரை "வெறிக்குட்டி" என்பீங்கள், ரின் பியர் குடிச்ச உங்களை "ஜொலிப் பெடியள்" என்பீங்கள். கொழும்புப் பெரிய பள்ளிக்கூடங்களின் பிக் மெட்ச், பப்பரே, பியர் என்ற கனவை நாங்களும் தறப்பாள் கொட்டிலில் இருந்து பார்த்துப் படிச்சதன் விளைவு இது. பியர் உங்களுக்குத் தாகம் தீர்க்கிற சாமான் இல்லை, தரம் காட்டுற சாமான். கள்ளை மறைச்சுப் பியரைச் சொல்லுற வாயில் சாதியும் வர்க்கமும் சேர்ந்தே கதைக்குது.

"சும்மா பகிடிக்குச் சொன்னதை ஏன் இவ்வளவு பெரிசாக்கிறாய்" என்பது கடைசிக் கேள்வி. யுத்தம் பற்றிக் கதைச்சால் அழுகை வரும், ஆகவே பியர் பற்றிக் கதைச்சுச் சிரிக்கிறம் என்று ஒரு அண்ணா எனக்குச் சொன்னவர். அது பொய் இல்லை, எனக்கு விளங்குது. ஆனால் சிரிக்கிறதுக்கும் உங்களிட்ட வேற கதை இருக்கு. இடது கால் வைக்கச் சொல்ல வலது கால் வைச்சு முழு வரிசையையும் குழப்பினது, ட்ரம் குச்சி முறிஞ்சு பூவரசந் தடியால் அடிச்சது, ட்ரம்பெட்டுக்குள் குளவி கூடு கட்டினது. சொல்லுங்கோ, நாங்களும் சேர்ந்து சிரிப்பம். அதில எங்களுக்கும் இடம் இருக்கு.

கேட்கிறது மூன்று விசயம்தான். பள்ளிக்கூட நிகழ்வு முடிஞ்ச பிறகு பாண்ட் பிள்ளையளைத் தனியக் கூட்டிக்கொண்டு போற பழக்கத்தைப் பழைய மாணவர் சங்கங்கள் எழுத்தில் தடை செய்ய வேணும். அடுத்த முறை வாத்தியம் வாங்கக் காசு சேர்த்தால், பயிற்சி முடிஞ்சு பெட்டையள் வீட்ட போறதுக்கான வாகனச் செலவையும் அந்தக் கணக்கில் போட வேணும். மூன்றாவது, உங்கட பாண்டின் கதையை எழுதித் தாங்கோ. முதல் ட்ரம் எப்படி வந்தது, ஆர் பழக்கினது, என்ன வாசிச்சனீங்கள், ஆரார் நிண்டவை. பெயர் மறந்தால் எங்களைக் கேளுங்கோ. அந்த வலப்பக்க ஆறு பேருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கு.