எக்சோசோம்: மருந்தா, தடயமா?

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் உள்ள ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் குமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் பஸ்ஸேறி வருகிறவர்கள் ஏராளம். கூட வரும் பிள்ளைகள் செல்போனைத் துழாவி, எக்சோசோம் என்ற பெயரைக் கண்டு குழம்புகிறார்கள். புற்றைப் பரப்புவதே அதுதான் என்கிறது ஒரு கட்டுரை. முகப்பொலிவுக்கும் முடி வளரவும் அதையே விற்கிறது ஒரு கிளினிக். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

எக்சோசோம் என்பது செல்கள் வெளியே தள்ளும் நுண்ணிய பை. அளவு 30 முதல் 150 நானோமீட்டர். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. 1983இல், முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத புரதத்தை இப்படிக் கழிப்பதைக் கண்டார்கள். வெறும் கழிவு என்றே பல காலம் நினைப்பு. 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் பைக்குள் மரபுச் செய்தி சுமக்கும் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டியதும் கதை மாறியது. பையை வாங்கிக்கொள்ளும் செல்லின் போக்கையே அது மாற்றக்கூடும். நல்ல செல்லும் இதை அனுப்புகிறது, புற்றுச் செல்லும் அனுப்புகிறது. ஆகவே எக்சோசோம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது; எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

மார்பகப் புற்று ஏன் சில உறுப்புகளையே தேடிப் போகிறது என்று லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இலேயே யோசித்தார். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். அந்த மண்ணை முன்கூட்டியே பண்படுத்துவதில் எக்சோசோமுக்குப் பங்குண்டு என்று 2015இல் நியூயார்க்கில் டேவிட் லைடன் குழு காட்டியது. பையின் மேல் உள்ள இன்டெக்ரின் புரதத்தைப் பொறுத்து அது நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போகிறது. நுரையீரலை நாடும் பைகளை எலிக்குக் கொடுத்தபோது, எலும்புக்குப் போக வேண்டிய புற்றுச் செல்கள் நுரையீரலில் போய் வளர்ந்தன. எலியில் கண்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருந்து என்று விற்கும் குப்பிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019இல் எச்சரித்தது. புற்றுநோயாளிகள் இதை அண்டவே வேண்டாம்.

தடயம் என்ற முறையில் எக்சோசோமுக்கு மதிப்புண்டு. புராஸ்டேட் புற்றில் பயாப்சி தேவையா என்று முடிவு செய்ய உதவும் சிறுநீர்ப் பரிசோதனை அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறது. வாய்ப்புற்றுக்கு எச்சிலில் தேடும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. சிக்கல், பிரித்தெடுப்பதில்தான். புற்றின் பைகளோடு உடம்பின் சொந்தப் பைகளும் கோடிக்கணக்கில் கலந்து கிடக்கும். புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றி எடுத்தாலும் கலப்படம் முழுசாகப் போகாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவும் வேறுபடும்.

வாய்ப்புற்றைக் கண்டறிய வேறொரு வழியை ஏற்கெனவே திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் ஆறாத புண்ணும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார்கள். 2005இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. பழக்கம் இல்லாதவர்களுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. நாளை எச்சில் பரிசோதனை என்று ஒன்று கடைக்கு வந்தால், அது முதலில் இந்த 34ஐத் தாண்டிக் காட்டட்டும்.