100 ஆக்டேன் போட்டா பைக் பறக்குமா? பறக்கிறது பர்ஸ்தான் பாஸ்!

இ20 சர்ச்சை கிளம்பினதிலிருந்து பைக் பிரியர்கள் மத்தியில் ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. "சாதா பெட்ரோலே வேண்டாம் மச்சி, 100 ஆக்டேன் போடு. ரேஸ் வண்டிக்கெல்லாம் அதான்!" நீங்களும் கேட்டிருப்பீங்க, ஒருவேளை போட்டும் பார்த்திருப்பீங்க. ஆனால், உங்க இன்ஜின் அதைக் கேட்டுச்சா?

ஆக்டேன் என்பது பவர் இல்லை!

முதல்ல இதைத் தெளிவாக்கிடுவோம். ஆக்டேன் எண், பெட்ரோலுக்குள் எவ்வளவு சக்தி இருக்குன்னு சொல்றதில்லை. எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்னு மட்டும்தான் சொல்லுது. ஸ்பார்க் பிளக்கின் பொறியிலிருந்து தீ சீராகப் பரவணும். அதுக்குள்ள மிச்சமிருக்கிற கலவை அழுத்தம் தாங்காம தானாவே வெடிச்சா, அதுதான் 'நாக்கிங்'. மேட்டில் ஏறும்போது இன்ஜினிலிருந்து 'டக டக'ன்னு உலோகச் சத்தம் வருமே, அதேதான். தொடர்ந்து நடந்தா பிஸ்டனுக்கே ஆபத்து.

கம்ப்ரஷன் ரேஷியோ கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். கிளாசிக் 350-க்கு இது 9.5:1. ஆர்15 வி4-க்கு 11.6:1. கவாஸகி இசட்எக்ஸ்-10ஆர் மாதிரி சூப்பர் பைக்குக்கு 13:1. அதிக ஆக்டேன் தேவைப்படுறது இந்தக் கடைசி ரகத்துக்குத்தான். 9.5:1 இன்ஜினில் 100 ஆக்டேன் ஊத்தினா, வராத நாக்கிங்கைத் தடுக்க நீங்க காசு கொடுக்கிறீங்க, அவ்வளவுதான்!

எவ்வளவு காசு? 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் எக்ஸ்பி100-ஐ அறிமுகப்படுத்தினப்போ, டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். சாதா பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 10 லிட்டருக்கே 600 ரூபாய் கூடுதல்.

அப்போ ரேஸில் ஏன்?

ரேஸ் இன்ஜினை டியூன் பண்றதே ஒரு குறிப்பிட்ட எரிபொருளை மனசுல வெச்சுத்தான். இக்னிஷன் டைமிங், இசியூ மேப் எல்லாமே அதுக்கேத்த மாதிரி அமைச்சிருப்பாங்க. எரிபொருளை மட்டும் கடன் வாங்கினா ரேஸ் வேகம் கூடவே வந்துடாது. இன்னொண்ணு, சில ரேஸ் எரிபொருள்களில் ஈயம் இருக்கும். அதை ரோட்டு வண்டியில் ஊத்தினா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் காலி.

இ20-ல் என்ன நடக்குது?

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். அதனால, முன்பு 91 ஆக இருந்த சாதா பெட்ரோலின் ஆக்டேன் இ20-ல் 95 ஆகிடுச்சுன்னு பெட்ரோலிய அமைச்சகம் சொல்லுது. அதாவது, நீங்க ஓடிப் பிடிக்க நினைக்கிற ஆக்டேன் ஏற்கெனவே டேங்க்குக்குள் வந்தாச்சு!

அப்புறம் ஏன் மைலேஜ் குறையுது? லிட்டருக்கு லிட்டர் பார்த்தா, பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கு டியூன் பண்ணின பழைய டூவீலர்களில் 3-4 சதவிகிதம் மைலேஜ் குறையும்னு நிதி ஆயோக் 2021-லேயே கணித்தது. 50 கொடுத்த வண்டி, கிட்டத்தட்ட 48 கொடுக்கும். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாத்த வேண்டி வரலாம்னு அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

இதுக்காக எத்தனாலையே வில்லனாக்கவும் முடியாது. 2022 முதல் 2025 வரை ஃபார்முலா 1 கார்கள் ஓடினது 10 சதவிகித எத்தனால் கலந்த எரிபொருளில்தான். வித்தியாசம் என்னன்னா, அந்த இன்ஜின்களை அதுக்காகவே தயார் பண்ணினாங்க. உங்க 2015 மாடல் பைக்கிடம் யாரும் கேட்கலை!

சரி, என்னதான் போடுறது?

ஓனர்ஸ் மேனுவலைத் திறங்க. அதில் 91-னு இருந்தா சாதா பெட்ரோலே போதும். 95-க்கு மேல் கேட்டிருந்தா மட்டும் பிரீமியத்துக்குப் போங்க. அமெரிக்க யூடியூபர் '93 போடு'ன்னு சொன்னா குழம்பாதீங்க, அவங்க அளவுமுறை வேற. அங்கே 87-னா நம்மூர்ல சுமார் 91. நாக்கிங் சத்தம் கேட்டா, ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட காட்டுங்க. இன்ஜினுக்குள் கார்பன் படிஞ்சிருந்தாலும் நாக்கிங் வரும்.

பழைய வண்டியின் ரப்பர் பாகங்களை நினைச்சுக் கவலைன்னா, பங்கில் கேட்க வேண்டியது 'ஆக்டேன் எவ்வளவு?' இல்லை, 'எத்தனால் எவ்வளவு?' எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்கணும், எவ்வளவு கலந்திருக்குன்னு பங்கிலேயே எழுதி வைக்கணும்னு தொடர்ந்த பொதுநல மனுவை, 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானதுதான். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலேயே உள்ளே என்ன இருக்குன்னு அச்சடிக்கிறாங்க. லிட்டருக்கு 100 ரூபாய் கொடுக்கிற நமக்கும் அது தெரியணும்தானே?