அழிச்சுப்போட்டுத் திருப்பிப் போடுறது தீர்வில்லை

லினக்ஸ் பாவிக்கிற எங்கட பெடியளிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஏதாவது பழுதாகினால் முழுசா அழிச்சுப்போட்டுத் திரும்ப நிறுவுறது. பாட்டுக் கேட்கிற மென்பொருளுக்கு அது பரவாயில்லை. தரவுத்தளத்துக்கு அப்பிடிச் செய்யக்கூடாது.

ஒரு உதாரணத்தைப் பார்ப்பம். உபுண்டு 18.04 இல் இருந்தது மைஎஸ்கியூஎல் 5.7. அதை 20.04 க்கு மேம்படுத்தும்போது மைஎஸ்கியூஎல் 8.0 வருகிறது. இடையில் தடைப்பட்டால், டிபிகேஜி பிழைக் குறியீடு 1 ஐத் தந்தது என்ற வரிதான் திரையில் கடைசியாக நிற்கும். பலரும் அந்த வரியைத்தான் கூகுளில் போட்டுத் தேடுகிறார்கள். ஆனால் அதில் காரணம் இல்லை. பொதியை அமைக்கிற கடைசிக் கட்டத்தில் புதிய சேர்வரை இயக்க முயன்றது, சேர்வர் எழும்பவில்லை, அவ்வளவுதான் அதன் அர்த்தம். ஏன் எழும்பவில்லை என்பது மைஎஸ்கியூஎல்லின் எரர் லொக்கில் எழுதப்பட்டிருக்கும்.

அங்கே போய்ப் பார்த்தால் விசயம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். குவெரி காஷ் என்ற வசதி 8.0 இல் முற்றாக நீக்கப்பட்டது. பழைய அமைப்புக் கோப்பில் அதன் அளவைக் குறிக்கிற வரி அப்படியே கிடந்தால், இப்படியொரு மாறியைத் தெரியாது என்று சொல்லிப் புதிய சேர்வர் நின்றுவிடும். மேம்படுத்தும்போது "பழைய கோப்பை வைத்திருக்கவா?" என்று கேட்டதற்கு யோசிக்காமல் என்ரர் தட்டினால் பழையதுதான் மிஞ்சும். அந்த வரிகளை எடுத்துவிட்டு, அரைகுறையாக நிற்கிற பொதிகளை அமைத்து முடிக்கும்படி டிபிகேஜியிடம் சொன்னால் போதும். சிலவேளை வன்தட்டு நிரம்பியிருப்பதும் காரணமாக இருக்கும்.

ஆனால் தேடலில் அகப்படுகிற விடைகள் என்ன சொல்லுது? பேர்ஜ் பண்ணு, வார் லிப் மைஎஸ்கியூஎல் அடைவை அழி, திரும்ப நிறுவு. செய்தால் சேர்வர் உடனே எழும்பும். வெறுமையாக எழும்பும். அந்த அடைவுக்குள்ளதான் தரவு முழுக்க இருந்தது. மென்பொருளை எத்தனை தரமும் தரவிறக்கலாம். சனசமூக நிலையத்தின் புத்தகப் பட்டியலையோ, ரியூசன் பிள்ளைகளின் புள்ளிகளையோ எங்கேயிருந்து தரவிறக்குவது?

நேரமில்லை, சனம் காத்துக்கொண்டு நிக்குது என்பார்கள். நியாயம்தான். ஆனால் லொக்கின் கடைசி இருபது வரிகளை வாசிக்க ஐந்து நிமிசம் காணும். ஆங்கிலம் என்றபடியால் வாசிக்காமல் விடுகிறோம் என்பதுதான் உண்மை என்று நினைக்கிறேன். அந்த ஆங்கிலம் கட்டுரை ஆங்கிலம் இல்லை. தெரியாத மாறி, அனுமதி இல்லை, இடம் இல்லை என்று திரும்பத் திரும்ப வருகிற சில சொற்கள்தான். ஒரு கிழமையில் பழகிவிடும்.

இன்னொன்று. 8.0 க்கு மாறிய தரவை 5.7 க்குத் திருப்பிக் கொண்டுபோக மைஎஸ்கியூஎல் ஆதரவு தருவதில்லை. ஆகவே மேம்படுத்த முதலே மைஎஸ்கியூஎல்டம்பால் ஒரு பிரதி எடுத்து, வேறொரு வன்தட்டில் வையுங்கோ. அது நடக்காமல் இடையில் மாட்டுப்பட்டால், சேர்வரை நிறுத்தி அந்த அடைவை முதலில் அப்படியே பிரதி பண்ணுங்கோ. மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு.

அழிக்கச் சொல்லித் தாற கட்டளையைத் தட்ட முதல், அது எதை அழிக்குது எண்டு ஒருக்கா பாருங்கோ. தரவு இன்னொராளின்ர உழைப்பு.