பட்டியலிலே தொலைந்த மக்கள்

சீனத்தின் தென்மேற்கிலே குவெய்சோ மாகாணம் இருக்கிறது. அதன் மேற்குப் பகுதி சுண்ணாம்புக்கல் மலைகள் நிறைந்த வறண்ட மேட்டு நிலம். சோளமும் உருளைக்கிழங்குமே அங்குள்ள குடியானவனின் உணவு. அம்மலைகளிடையே தாஃபாங் முதலிய பகுதிகளில் லொங்ஜியா என்னும் சிறு மக்கட் கூட்டத்தினர் வாழ்ந்து வருகின்றனர். சீன அரசாங்கம் அங்கீகரித்துள்ள தேசிய இனங்கள் 56. அந்த ஐம்பத்தாறில் லொங்ஜியா என்ற பெயர் இல்லை. 1980களில் நடைபெற்ற இன அடையாளப் பணியின்போது இவர்கள் 'பாய்' என்னும் தேசிய இனத்தோடு சேர்க்கப்பட்டனர். இவர்களுக்கென ஒரு மொழியும் இருந்தது. இன்று அது வழக்கொழிந்திருத்தல் கூடும் என்று மொழியியலாளர் எழுதுகின்றனர்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்போர் உளர். அவ்வாறு கேட்போருட் பலர் எமது முகாமைச் சேர்ந்தவர்களே என்பதுதான் எம்மை இதனை எழுதத் தூண்டுகிறது. சிறு மொழிகள் மறைவது வரலாற்றின் நியதி. பெரிய சமுதாயத்தோடு ஒன்றுகலப்பது முன்னேற்றத்தின் அறிகுறி. உழைக்கும் மக்களின் ஒற்றுமைக்கு இத்தகைய சில்லறைப் பெயர்கள் இடையூறு என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் மார்க்ஸியத்தின் மொழியிலே பேசுகிறது. ஆயின் இதன் உயிர்நாடி மார்க்ஸியம் அன்று. பேரினத்தின் பழைய அகங்காரமே என்பது எமது துணிபு.

முதலிற் பழைய கதையை நோக்குவோம். 1413ஆம் ஆண்டிலே மிங் பேரரசு குவெய்சோவைத் தனி மாகாணமாக்கியது. அதன் பின்னர் படைவீரர்களும் வரி அறவிடுவோரும் அம்மலைகளுக்கு ஏறினர். சிங் ஆட்சிக் காலத்தில் அங்குள்ள குடிகளை இனங்காணுவதற்காகப் பட நூல்கள் வரையப்பட்டன. எண்பதுக்கு மேற்பட்ட 'மியாவ்' வகையினரை அவை வண்ணப் படங்களாகக் காட்டின. அவற்றிலே லொங்ஜியா என்ற பெயரும் வருகிறது. எப்படி வருகிறது? 'நாய்க்காது லொங்ஜியா' என்றும், 'பெருந்தலை லொங்ஜியா' என்றும், 'அங்கவடி லொங்ஜியா' என்றும் வருகிறது. பெண்கள் கூந்தலைச் சுற்றி முடிந்த விதம் நாயின் செவியைப் போலத் தோன்றிற்றாம். ஆகவே ஒரு மக்கட் கூட்டத்துக்கே அப்பெயர்! ஆளப்படுவோனுக்குப் பெயரிடும் உரிமை ஆள்வோனிடம் இருந்தது. தன்னைத் தான் எவ்வாறு அழைக்கிறான் என்று மலைவாசியை எவரும் கேட்டாரில்லை.

1949இல் நிகழ்ந்த புரட்சி இந்த இழிவுக்கு முடிவுகட்ட எழுந்தது. இதனை நாம் மனமார ஏற்கிறோம். விலங்குகளைக் குறிக்கும் குறியோடு எழுதப்பட்டு வந்த இனப்பெயர்கள் திருத்தப்பட்டன. 1954ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தேசிய இனங்கள் யாவும் சமம் என்றும், தத்தம் மொழியை வழங்கவும் வளர்க்கவும் அவற்றுக்குச் சுதந்திரம் உண்டென்றும் சாற்றியது. 1956இல் ஏழு குழுக்களாகப் பிரிந்து எழுநூறு பேருக்கு மேற்பட்டோர் சிறுபான்மையினரின் மொழிகளை ஆராயப் புறப்பட்டனர். உலகில் வேறெந்த அரசாங்கம் அக்காலத்தில் இவ்வளவு பெரிய முயற்சியை மேற்கொண்டது? சோஷலிசத்தைத் தூற்றுவதற்காக மட்டும் சிறுபான்மையினர்மீது திடீர் அன்பு காட்டும் பத்திரிகைகளுக்கு இவ்வுண்மை கசக்கும். அவர்களோடு எமக்கு உறவில்லை.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு முரண்பாடும் இருந்தது. 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே தம் இனப்பெயரைத் தாமே கூறுமாறு மக்களிடம் கேட்கப்பட்டது. நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்தன. உத்தியோகத்தர் திகைத்தனர். நானூறு பெயர்களுக்கு மக்கள் பேரவையில் ஆசனம் அளிப்பது எங்ஙனம்? ஆகவே அறிஞர்கள் அனுப்பப்பட்டனர், பெயர்கள் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன, பட்டியல் சுருங்கியது. 1979இல் ஜினோ மக்கள் இறுதியாக அங்கீகரிக்கப்பட்டதோடு கதவு அடைபட்டது. அதன் பின்னர், ஏற்கெனவே உள்ள பெயர்களுள் எதனோடு உம்மைச் சேர்ப்பது என்ற கேள்வி மட்டுமே எஞ்சிற்று.

1984இல் குவெய்சோவின் ஆய்வுக் குழுவினர் லொங்ஜியா மக்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தனர். முதியோரிடம் எஞ்சியிருந்த சொற்கள் அதிலே பதியப்பட்டன. அதே 1984இல்தான் தேசிய இனப் பிரதேச சுயாட்சிச் சட்டம் நிறைவேறியது. ஒரு கை உரிமையை எழுதிற்று. மறு கை, அவ்வுரிமைக்கு உரியவன் வேறொருவன் என்று எழுதிற்று.

பாய் மக்களின் தாயகம் யுன்னான் மாகாணத்துத் தாலி நகரமும் அதன் ஏரிக்கரையும் ஆகும். தாஃபாங்கிலிருந்து அஃது ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. இரு மொழிகளுக்கும் உறவுண்டு என்பது ஆதாரமற்ற கூற்றன்று. லொங்ஜியா மொழிக்கு மிக நெருங்கியது அதே மலைகளில் வழங்கும் சாய்ஜியா மொழி. அந்தச் சாய்ஜியா மொழி பாய் மொழியின் உறவு என்று மொழியியலாளர் ஒருசாரார் கூறுவர். சீன மொழிக் குடும்பத்திலிருந்து மிகப் பழைய காலத்தில் பிரிந்த கிளை அது என்பர் வேறு சிலர். அறிஞர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் ஒன்றை, அலுவலகம் ஒரு முத்திரையால் முடித்துவிட்டது. அன்றியும், உறவுடைமை வேறு, ஒன்றாயிருத்தல் வேறு. தமையனும் தம்பியும் ஒரு தாய் மக்கள் என்பதற்காகத் தம்பியின் பெயரை அழித்துவிடலாமோ?

குவெய்சோவிலே இது தனி நிகழ்ச்சியுமன்று. அங்கிருந்த லீமின் மக்கள், தென்கடலிலுள்ள ஹைனான் தீவின் லீ மக்களோடு சேர்க்கப்பட்டனர். எதனோடும் சேராது எஞ்சியவர்கள் 'அடையாளம் காணப்படாதோர்' என்ற நிரலில் வைக்கப்பட்டனர். 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அவர்கள் தொகை 734,438. அவர்களுட் பெரும்பாலோர் குவெய்சோவினரே. தம்மை இன்னாரென்று நன்கறிந்த ஏழு இலட்சம் மக்களைப் பார்த்து 'நீவிர் அடையாளம் காணப்படாதவர்' என்று கூறும் துணிவு ஏட்டுக்கு மட்டுமே உண்டு.

பாய் என்ற பெயரை லொங்ஜியா மக்கள் ஏற்றனரே என்று சிலர் கூறக்கூடும். ஏற்றதில் வியப்பென்ன? சிறுபான்மை இனமாகப் பதியப்பட்டால் பிள்ளைகளின் உயர்கல்விப் பரீட்சைக்குச் சலுகைப் புள்ளிகள் கிடைத்தன. பதவிகளிலும் சபைகளிலும் சிறிது இடம் கிடைத்தது. வறிய மலைநாட்டுப் பெற்றோர் தம் பிள்ளைக்குக் கிடைக்கும் அப்பத்தைப் பெயருக்காக எறிந்துவிடார். அவர்களை நாம் குறைகூறோம். உன் சொந்தப் பெயரோடு வந்தால் ஒன்றுமில்லை, இன்னொருவன் பெயரோடு வந்தால் உரிமையுண்டு என்று விதித்த ஏற்பாட்டையே குறைகூறுகிறோம்.

இனி, 'இயற்கையான கலப்பு' என்னும் வாதத்துக்கு வருவோம். சந்தையிலும் சுரங்கத்திலும் மணவுறவிலும் மக்கள் தாமாகக் கலப்பதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் பாடசாலையில் ஒரு மொழிக்கு இடமில்லை; அம்மொழிக்கு எழுத்தில்லை; அதனைப் பேசுவோனுக்கு ஏட்டிலே பெயரும் இல்லை. இந்நிலையில் மகன் தாயின் மொழியை விடுவானாயின் அதனை இயற்கை என்பது எவ்வாறு? 1958இலே தேசிய இனங்களை விரைந்து கலக்கச் செய்தல் வேண்டும் என்று சீனத்தில் ஒரு வேகம் எழுந்தது. அதன் தீமை பின்னர் அங்கேயே கண்டிக்கப்பட்டது. அந்த வேகத்தை இன்று எமது தோழர் சிலர் தத்துவமாக்கிப் பேசுவது வேதனைக்குரியது.

லெனின் கட்டாய அரசகரும மொழியை 1914இல் எதிர்த்தார். 1922ஆம் ஆண்டின் இறுதியிலே, நோய்ப்படுக்கையில் இருந்தவாறே, ஒடுக்கும் இனத்தின் தேசியத்தையும் ஒடுக்கப்பட்ட சிறு இனத்தின் தேசியத்தையும் வேறுபடுத்திப் பார்க்குமாறு வற்புறுத்தினார். சட்டத்தில் எழுதப்பட்ட சமத்துவம் மட்டும் போதாது. பேரினம் தன் பங்கிலே விட்டுக்கொடுத்தும் சிறு இனத்தின் நம்பிக்கையைப் பெறவேண்டும் என்பது அவர் கருத்து. இரயில்வேயைக் கொண்டுவந்தோம், மின்சாரத்தைக் கொண்டுவந்தோம் என்பது அக்கடமைக்கு ஈடாகாது.

மறைந்த மொழியை நாம் மீட்டுத் தரமுடியாது. எனினும் சாய்ஜியா மொழியை இன்னும் ஏறத்தாழ ஆயிரம் பேர் பேசுகின்றனர். அவர்களுடைய சொல்லும் கதையும் பதியப்படல் வேண்டும். கிராமப் பள்ளியில் அம்மொழிக்கு ஒரு வேளையேனும் ஒதுக்கப்படல் வேண்டும். தன் பெயரைத் தானே கூறும் உரிமை குடிசன மதிப்பு ஏட்டிலே மனிதனுக்கு மீண்டும் அளிக்கப்படல் வேண்டும். 1953இல் ஒருமுறை அந்தக் கேள்வி கேட்கப்பட்டது; மக்களும் விடை கூறினர். அவ்விடையைக் கேட்கும் பொறுமை அரசுக்கு இல்லாமற்போயிற்று. அப்பொறுமை இல்லாத சமத்துவத்தைச் சமத்துவம் என்று எமது மாணவருக்கு நாம் கற்பித்தல் ஆகாது.