கிரேட் நிக்கோபார்: பதில் சொல்ல வேண்டியவர்கள் பேசட்டும்

அந்தமானின் டெலானிபூரில் ஒருவர் குடிநீர் இணைப்பு கேட்டால் மனு எழுத வேண்டும். நகல் இணைக்க வேண்டும். அலுவலக முத்திரை பெற வேண்டும். கேட்டவர் யார், கேட்டது என்ன என்பது கோப்பில் இருக்கும். முதலில் 72,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட கிரேட் நிக்கோபார் திட்டத்துக்காக டெல்லியில் யார் யாரைச் சந்தித்தார்கள், எதை வலியுறுத்தினார்கள் என்பதற்கு மக்கள் முன் ஒரு பதிவேடும் இல்லை. இது மன்னிக்க முடியாத தவறு.

கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் வரவிருக்கின்றன. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். 2021 ஜனவரியில் கலாத்தியா விரிகுடா சரணாலயத்தின் அறிவிக்கை ரத்தானது. அது தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கரை. திட்டத்தின் முன்சாத்தியக்கூறு அறிக்கையோ மார்ச்சில்தான் வந்தது. ஆய்வுக்கு முன்பே சரணாலயம் பறிபோனது. யார் அவசரத்துக்காக?

2022 ஆகஸ்டில் தீவு நிர்வாகத்தினர் கிரேட் நிக்கோபார் பழங்குடி மன்றத்திடம் தடையின்மைச் சான்று வாங்கினார்கள். முழு விவரம் சொல்லாமல் வாங்கினார்கள். நவம்பரில் மன்றம் அதைத் திரும்பப் பெற்றது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த நிலம் திட்டத்துக்குள் போவதை எடுத்துச் சொன்னது. அதே நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டது. மன்றத்தின் கடிதம் அந்த அனுமதியை அசைக்கவில்லை. சில நூறு பேரே உள்ள ஷோம்பென் பழங்குடி மக்களுக்குக் கடிதம் எழுதும் வாய்ப்பும் இல்லை.

2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உயர்நிலைக் குழுவிடம் அந்த அனுமதியின் மறுபரிசீலனையை ஒப்படைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையை ரகசியம் என்று பூட்டிவைத்தார்கள். மக்களின் காடு. மக்களின் கடற்கரை. அறிக்கை மட்டும் மக்களுக்கு இல்லையா?

சந்திப்புகளுக்குப் பதிவேடு கேட்பது புதிதல்ல. அமெரிக்காவில் வெளிநாட்டு அரசுகளுக்காகப் பரிந்து பேசுவோர் 1938 சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். உள்நாட்டில் பரிந்து பேசுவோருக்கு 1995 சட்டம் இருக்கிறது. இந்தியாவில் இரண்டுக்கும் இணையான சட்டம் இல்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றமும் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் இடம். கேள்வி கேட்கும் வாய்கள் குறைந்த இடத்தில் ரகசியம் இன்னும் பெரிய குற்றம்.

சுற்றுச்சூழல் அமைச்சகம் பதில் சொல்ல வேண்டும். திட்டத்தை முன்வைத்த நிதி ஆயோக் பதில் சொல்ல வேண்டும். தீவு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். திட்டம் குறித்த சந்திப்புகளின் பட்டியலை வெளியிடுங்கள். குழுவின் அறிக்கையை வெளியிடுங்கள். மன்றம் திரும்பப் பெற்ற ஒப்புதலை ஒப்புதலாகக் கணக்கிடாதீர்கள். வன உரிமைச் சட்டப்படி உரிமைகளை முதலில் தீர்த்துவையுங்கள். அதுவரை ஒரு மரமும் விழக் கூடாது.